விதை குடிபோன வீடு

பெயர் சின்னக்குழந்தை. நான் அவளை முதலில் பார்த்தபோது முப்பத்தைந்து வயது இருக்கும். கட்டிக்கொடுக்கிற வயதில் வடிவு என்று ஒரு மகளும் இருந்தாள். அப்படி ஒரு பெயரை வைத்துக்கொண்டு, தலையில் கலவைச் சட்டியோடு சாரம் ஏறுகிற பொம்பளையை வேலைத்தளத்தில் யாராவது கிண்டல் செய்யாமல் விடுவார்களா? இரண்டு நாள் செய்தார்கள். அப்புறம் விட்டுவிட்டார்கள். கிண்டல் செய்தவனைப் பார்த்து அவள் ஒரு கேள்வி கேட்பாள். "இந்தச் சொவுரு இங்க மட்டும் ஏன் இவ்ளோ தடிப்பு?" அவனுக்குப் பதில் தெரியாது. மறுநாளிலிருந்து அவள் இருக்கும் பக்கமே வரமாட்டான்.

எனக்கும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் தெரியாதுதான். ஆனால் நான் மேஸ்திரி. ஆலங்காயம் அருணகிரி என்றால் வாணியம்பாடி வரைக்கும் ஆட்கள் பெயர் சொல்வார்கள். தெரியாது என்று சொல்கிற பழக்கமே எனக்குக் கிடையாது, வாய்க்கு வந்ததைச் சொல்லிவைப்பேன். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு போவாள். இரண்டு நாள் கழித்து வந்து, "நீ சொன்னது தப்பு மேஸ்திரி" என்பாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அவளை வேலையை விட்டு நிறுத்திவிடலாமா என்றுகூட நினைத்திருக்கிறேன். ஆனால் கலவை பதம் பார்ப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

அது எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது. ஜவ்வாது மலைமேல் காவலூரில் நட்சத்திரம் பார்க்கிற கூடம் பெரிதாகிக்கொண்டிருந்த காலம். நான் கீழேயிருந்து கொத்தனார்களோடு பஸ் ஏறிப் போவேன். அவள் இலுப்பைவலசையிலிருந்து ஒன்றரை மணி நேரம் காட்டு வழியாக நடந்து வருவாள். புருஷன் தீர்த்தகிரிக்கு மூன்று ஏக்கர் சாமைக் காடும் நாலைந்து புளியமரமும் இருந்தன. அவர் பேசி நான் கேட்டது குறைவு. வீட்டுப் பேச்சு மொத்தத்தையும் அவளே பேசித் தீர்த்துவிட்டாள் என்று நான் கேலி செய்வேன். அவள் சிரிக்கமாட்டாள்.

மத்தியானம் மற்ற சித்தாள்கள் சாப்பிட்டுவிட்டு மரத்தடியில் சாய்ந்துவிடுவார்கள். சின்னக்குழந்தை மட்டும் கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவாள். சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். வெயில் பட்ட பக்கம் ஒரு தடவை, நிழல் பக்கம் ஒரு தடவை. சிலருக்குச் சினிமா, சிலருக்கு நகை. அவளுக்குக் கட்டடம். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

புளி விற்க வாணியம்பாடிக்குப் போனால், சந்தை முடிந்ததும் நேரே ஒரு தெருவுக்குப் போய் நிற்பாளாம். அங்கே தோல் வியாபாரி ஒருவர் வெள்ளைக்காரன் போவதற்கு முன்பே கட்டிய வீடு இருந்தது. அந்தக் காலத்து மோஸ்தர். மூலை எல்லாம் வளைவு. மேலே பால்கனியில் படுக்கைக் கோடாக மூன்று வரி. ஜன்னல்களுக்கு மேலே சன்ஷேடு வீட்டைச் சுற்றி ஒரே நீளமாக ஓடும். இவள் நிற்பதைப் பார்த்து வாட்ச்மேன் வந்திருக்கிறான்.

"இன்னாம்மா வேணும்?"

"ஒண்ணும் வேணாங்க. இந்த மூலைய எப்படிங்க வளைச்சாங்க?"

அவன் துரத்திவிட்டான். இதை அவளே என்னிடம் சொன்னாள். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அவள் அடுத்த வாரம் மறுபடி போய் நின்றிருக்கிறாள்.

மலைமேல் காட்டிலாகாவின் பழைய பங்களா ஒன்றும் இருந்தது. யாரோ பெரிய அதிகாரி வருகிறார் என்று பத்து நாள் பெருக்கித் துடைக்க அவளைக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்ததும் கேட்டாள்.

"அந்தப் பங்களாவுல கூரை மேல ஒரு குட்டிக் கூரை வச்சிருக்கிறாங்களே, அது எதுக்கு மேஸ்திரி?"

"அழகுக்கு" என்றேன்.

இரண்டு நாள் கழித்து வழக்கம்போல வந்தாள். "அழகுக்கு இல்ல. உள்ள இருக்கிற அனல் மேல ஏறி அந்தச் சந்துல வெளிய போவுது. நான் கீழ மல்லாக்கப் படுத்துப் பாத்தேன்."

அதிகாரி வரப்போகிற பங்களாவில் மல்லாக்கப் படுத்திருக்கிறாள். இவளை என்ன செய்வது?

கூடத்தில் எங்கள் பங்கு வேலை முடிந்த அன்று, அங்கே முன்பே கட்டியிருந்த சின்ன உருண்டைக் கூண்டு ஒன்றை எங்களுக்குச் சுற்றிக் காட்டினார்கள். வெள்ளி நிறத்தில் பளபளவென்று இருக்கும். ஒரு ஆள் பொத்தானை அமுக்கினார். தலைக்கு மேலே கூரை நடுவில் பிளந்து மெல்ல விலகியது. நீளமாக ஒரு துண்டு வானம் தெரிந்தது. எல்லோரும் வாயைப் பிளந்து, நட்சத்திரம் பார்க்கிற அந்தப் பெரிய குழாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். சின்னக்குழந்தை என் காதருகே வந்து, "ஒரு பீடி குடு" என்றாள்.

அவள் பீடி குடிக்கிறவள் இல்லை. கொடுத்தேன். வெளியே போய்ப் பற்றவைத்துக்கொண்டு வந்து, வாசற்படி ஓரம் குந்தி, பீடியைத் தரையோடு பிடித்தாள். புகை கொஞ்சம் தடுமாறிவிட்டு நேராக மேலே போய் அந்தப் பிளவு வழியாக வெளியேறியது. கூடத்து ஆள் பார்த்துக் கத்த ஆரம்பித்துவிட்டார். அவளை இழுத்துக்கொண்டு வெளியே வருவதற்குள் எனக்கு மானம் போய்விட்டது. அவளோ முகமெல்லாம் மலர்ந்து, "பங்களா மாதிரியேதான் மேஸ்திரி. இதுக்கு மட்டும் தெறக்கிறதுக்கும் மூடுறதுக்கும் கதவு வச்சிட்டானுங்க" என்றாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

எண்பத்திரண்டில் மலைக்காரர்களுக்கு அரசாங்கம் இலவச வீடு கொடுத்தது. இலுப்பைவலசைக்கு ஏழு. வேலை என்னிடம் வந்தது. பத்துக்குப் பதினைந்து அறை, ஒரு கதவு, ஒரு ஜன்னல், மேலே கான்கிரீட் தளம். ஓவர்சியர் கோபால்சாமி கொடுத்த வரைபடத்தில் இம்மி பிசகாமல் கட்டினேன். ஒரு சொட்டு ஒழுகாது. எறும்பு நுழைய இடுக்கு கிடையாது. எனக்கு அதில் ரொம்பப் பெருமை.

ஆனால் அந்த ஊரில் ஒரு வழக்கம். புது வீடு கட்டினால் முதலில் மனிதர்கள் குடிபோவதில்லை. விதை குடிபோக வேண்டும். அறுவடை முடிந்ததும் விதைச் சாமையைக் கூடையில் கட்டிப் புது வீட்டுப் பரண்மேல் வைப்பார்கள். விதைப்புக்கு முன்னால், ஆனி மாதம், ஊர்க்கவுண்டர் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து, முறத்தில் ஈரமண் பரப்பி, கோயில் வாசலில் தூவிவைப்பார். ஆறாம் நாள் பார்ப்பார்கள். மண் தெரியாமல் முளைத்திருந்தால் குடிபோகலாம். இல்லையென்றால் அந்த வீடு மனிதர்களுக்கு ஆகாது. குடிபோகிறவர்கள் அந்த வருஷம் அந்த வீட்டில் இருந்த விதையைத்தான் விதைக்க வேண்டும். வேறு வீட்டு விதை ஒரு படிகூட உள்ளே வரக்கூடாது.

என் ஏழு வீட்டிலும் ஒவ்வொரு கூடை வைத்தார்கள். மீதி விதையைப் பழைய வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள், விவரமானவர்கள். ஆனியில் ஏழு முறம் வைத்தார்கள். ஏழிலும் வெறும் மண்தான் தெரிந்தது. கூடைகளைப் பிரித்தால் புழுங்கின வாடை. அன்றைக்கே ஏழு வீட்டிலும் ஆட்டைக் கட்டிவிட்டார்கள். ஆடு விதையைப் பற்றிக் கவலைப்படாது இல்லையா?

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கட்டினது எதற்கு, கட்டிப்போட்டது எதை! மலைக்காரர்களுக்கு நல்ல வீட்டில் இருக்கத் தெரியவில்லை என்று ஆலங்காயம் டீக்கடையில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசினேன். கோபால்சாமியும் அதையே பேசினார். ஆனால் மேலதிகாரி ஒருவர் வந்து ஆட்டுப் புழுக்கையை மிதித்துவிட்டு அவரைப் பிடித்து உலுக்கியதிலிருந்து இலுப்பைவலசை என்றாலே அவர் பேச்சை மாற்ற ஆரம்பித்தார்.

எண்பத்து நான்கில் அந்த ஊருக்கு இன்னும் ஒரே ஒரு வீடு வந்தது. தீர்த்தகிரியின் பெயருக்கு.

ஒரு காலையில் சின்னக்குழந்தை ஆலங்காயத்தில் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் பழைய மாதக் காலண்டர் தாள். அதன் பின்பக்கம் கரியால் ஒரு வீடு வரைந்திருந்தாள். அளவு அதே பத்துக்குப் பதினைந்து. ஆனால் நாலு மூலையும் வளைவு. ஜன்னலுக்கும் கதவுக்கும் மேலே சன்ஷேடு சுற்றிவர ஓடியது. தளத்தின் நடுவில், அடுப்புக்கு நேர் மேலே, நீளமாக ஒரு திறப்பு. திறப்பைச் சுற்றிக் குட்டைச் சுவர். அதன் மேல் உருண்டையாக ஏதோ ஒன்று கவிழ்ந்திருந்தது.

"இது இன்னா?" என்றேன்.

"தார் டிரம். ரோட்டு வேலையில காலி டிரம் கெடக்குது. நீட்டு வாக்குல ரெண்டா அறுத்தா ஒரு பாதி போதும். ரெண்டு இரும்புக் கம்பி மேல வச்சு, கெணத்துக் கப்பியில கயிறு மாட்டி உள்ளேர்ந்து இழுத்தா நவுரும். மழைக்கு மூடிக்கலாம். மூடினாலும் ரெண்டு பக்கமும் வெரக்கடை சந்து இருக்கணும், பங்களா மாதிரி."

"தளத்துல எவனாச்சும் ஓட்ட போடுவானா?"

"காவலூர்ல போட்டானுங்களே. நீயுந்தான் பாத்த."

மூலை எதற்கு வளைவு என்று கேட்டேன், ஏதாவது ஒன்றிலாவது அவளை மடக்கலாம் என்று. "தொடப்பம் போவும்" என்றாள். கொஞ்சம் நின்று, "அத்தோட எனக்கு அது புடிச்சிருக்குது" என்றாள்.

கோபால்சாமியிடம் இருவரும் போனோம். அவர் தாளைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார்.

"நீ இன்னா இஞ்சினியரா?"

"இல்லீங்க. நீங்க கட்டுனதுல ஆடு இருக்குது. நான் சொல்ற மாதிரி கட்டுனா நான் இருப்பேனுங்க."

அவர் முகம் சிவந்தது. பிறகு மேலதிகாரியின் ஞாபகம் வந்திருக்க வேண்டும். மூன்று நிபந்தனை போட்டார். அளவு மாறக்கூடாது. மழைக்கு ஒழுகக்கூடாது. வருகிற ஆடிக்குள் குடிபோயிருக்க வேண்டும். ஒன்று தவறினாலும் பெயரை அடித்துவிட்டு வீட்டை வேறு ஒருவர் பெயருக்கு எழுதிவிடுவேன், அந்தத் திறப்பையும் அடைத்துவிடுவேன் என்றார். பழைய வீட்டைப் பிரித்துவிட்டு அதே இடத்தில்தான் புதிதாகக் கட்ட வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். இரண்டு வீடு இருந்தால் ஆடு வந்துவிடும் என்று அவருக்குப் பயம்.

அவள் பழைய வீட்டைப் பிரித்தாள். அதன் மரத்தில்தான் பரண் வந்தது. குடும்பம் புளியமரத்தடியில் தார்ப்பாய் கட்டிக்கொண்டு இருந்தது. ஆக, மற்றவர்களைப் போல ஒரு கூடையை மட்டும் வைத்துப் பார்க்க அவளுக்கு வழி இல்லை. இருந்த நாலு கூடை விதையும் அந்தப் பரணில்தான் ஏற வேண்டும். முளைக்கவில்லை என்றால் வீடும் இல்லை, அந்த வருஷ வெள்ளாமையும் இல்லை. இது எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மூலை வளைவுக்கு நான் பலகை அடித்தது சரியில்லை என்றுதான் பேசினாள். இரண்டு தடவை இடித்துக் கட்டவைத்தாள்.

தை மாதம் வேலை முடிந்தது. டிரம்முக்கு வெள்ளிப் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று அடம்பிடித்தாள். அடித்தேன். தூரத்திலிருந்து பார்த்தால், உண்மையைச் சொல்கிறேன், அழகாக இருந்தது. வெறுமனே நின்று பார்க்கலாம் போல இருந்தது. நான் அதுவரை கட்டிய எதையும் அப்படி நின்று பார்த்ததில்லை.

விதை உள்ளே போன மறுநாள் ஊர்க்கவுண்டர் ரங்கனிடம் அவள் ஒரு வழக்கைக் கொண்டுபோனாள்.

"மாமா, விதை மொளைக்கிற வரைக்கும் மனுசங்க குடிபோவக்கூடாது. சரிதாங்க. அடுப்பு குடிபோவலாங்களா?"

ரங்கனுக்குச் சிக்கலாகிவிட்டது. "அடுப்புன்னா யாரு எரிக்கிறது?"

"நான் உள்ள வந்து பத்த வச்சுட்டு வெளிய போய்டுறேன். படுக்கமாட்டேன், தின்னமாட்டேன். பொகை மட்டும் விதைக்கு."

அவர் ஒரு நாள் முழுக்க யோசித்தார். முன்னோர்கள் படுப்பதைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறார்கள், புகையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று தீர்ப்புச் சொன்னார். அன்றிலிருந்து தினம் காலையும் சாயங்காலமும் அந்த வெள்ளி டிரம்முக்கு அடியிலிருந்து மெல்லிசாகப் புகை வந்தது. பக்கத்து ஊரில் வேலையாக இருந்த எனக்கு மேட்டிலிருந்து பார்த்தால் அது தெரியும்.

வைகாசியில் ஒடுகத்தூரில் கட்டிக்கொடுத்திருந்த வடிவுக்குப் பிரசவம். சின்னக்குழந்தை கிளம்பினாள். தீர்த்தகிரியிடம் காலையில் கயிற்றை இழு, இரண்டு வேளையும் அடுப்பைப் பற்றவை, மழை வந்தால் மூடு என்று பத்து தடவை சொல்லிவிட்டுப் போனாளாம்.

அவள் போன அன்றே மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. மறுநாள் மழை நின்றதும் ஓவர்சியர் ஒழுகலைப் பார்க்க வருகிறார் என்று எனக்குச் சொல்லியனுப்பியிருந்தார்கள். நான் இலுப்பைவலசைக்கு ஓடினேன். தீர்த்தகிரி டிரம்மை மூடிவிட்டுத்தான் நின்றுகொண்டிருந்தார். ஆனால் இரண்டு பக்கமும் விரல் அகலத்துக்கு அந்தச் சந்து! சாரல் அடித்தால் உள்ளே தெறிக்கும். ஓவர்சியர் தரையில் ஈரத்தைப் பார்த்தால் என்ன ஆகும்? அவள் பெயர் போகும். என் பெயரும் போகும். எது முதலில் மனதில் வந்தது என்று இப்போது கேட்டால் நான் நேராகப் பதில் சொல்லமாட்டேன்.

ஏணி போட்டு ஏறினேன். சந்து இரண்டையும் சிமெண்டு வைத்து அடைத்தேன். மேலே சுற்றித் தார் ஊற்றினேன். ஒரு இம்மி விடவில்லை.

"அவ வந்தா இன்னா சொல்லுவாளோ" என்றார் தீர்த்தகிரி. அன்று அவர் பேசியது அவ்வளவுதான்.

"நான் மேஸ்திரி சொல்றேன்" என்றேன்.

மறுநாள் கோபால்சாமி வந்தார். ஊரே சொதசொதவென்று இருந்தது. வீட்டுத் தரை காய்ந்து கிடந்தது. "சபாஷ் மேஸ்திரி" என்று என் முதுகில் தட்டினார். எனக்குக் கால் தரையில் இல்லை. அன்று சாயங்காலமே பூசினதைப் பெயர்த்துவிட வேண்டும் என்று நினைத்தேன். மழை விட்டு விட்டு வந்தது, நடுவில் வெயில் சுள்ளென்று அடித்தது. இன்னும் ஒரு நாள் இருக்கட்டும் என்றிருந்துவிட்டேன். புகை போக வழியில்லாததால் தீர்த்தகிரியும் அடுப்பைப் பற்றவைக்கவில்லை.

நாலாம் நாள் அவள் வந்தாள். நான் அப்போது அங்கேதான் இருந்தேன். பேரன் பிறந்திருக்கிறான் என்று சிரித்துக்கொண்டே வந்தவள், டிரம்மில் புகை இல்லாததை வாசலிலேயே பார்த்துவிட்டாள். கதவைத் திறந்தாள். உள்ளேயிருந்து வெதுவெதுப்பாக ஒரு வாடை வந்தது. எனக்கு அந்த வாடை தெரியும். ஏழு தடவை முகர்ந்திருக்கிறேன்.

அவள் என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. தானே ஏணி ஏறி, கல்லால் தட்டித் தட்டி நான் பூசினதைப் பெயர்த்தாள். நானும் ஏறப்போனேன். "வேணாம், கீழயே இரு" என்றாள். நாலு கூடையையும் இறக்கிப் பாறைமேல் கொட்டி மூன்று நாள் காயவைத்தாள். பக்கத்திலேயே உட்கார்ந்து கையால் கிளறிக்கொண்டே இருந்தாள். பேரனைப் பற்றி யார் கேட்டாலும் ஒற்றை வார்த்தையில்தான் பதில் சொன்னாள்.

ஆனி பிறந்தது. ரங்கன் நாலு கூடையிலிருந்தும் கலந்து ஒரு பிடி எடுத்து முறத்தில் தூவினார். ஆறாம் நாள் காலையில் ஊர் கோயில் வாசலில் கூடியது. என்னை யாரும் கூப்பிடவில்லை. நானே போனேன்.

முறத்தின்மேல் போட்டிருந்த துணியை ரங்கன் எடுத்தார். அங்கங்கே பச்சை, அங்கங்கே மண். சரியாகப் பாதி.

ரங்கன் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். மண் தெரியாமல் முளைக்க வேண்டும் என்பது வழக்கம். மண் தெரிந்தது.

"ஏம்மா, நடுவுல இன்னா ஆச்சு?"

சின்னக்குழந்தை தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் என் தலையில் விழும். சொல்லவில்லை. தீர்த்தகிரி என்னைப் பார்த்தார்.

அப்போது எனக்குள்ளே என்ன ஓடியது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். சின்னதாக ஒரு சந்தோஷம் ஓடியது. இந்த வீடும் போனால், அப்புறம் குற்றம் என் வீடுகளில் இல்லை. இவர்களுடைய வழக்கத்தில், இவர்களுடைய விதையில். ஏழு வருத்தமும் ஒரே மூச்சில் தீர்ந்துவிடும். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அதை நினைத்ததும் எனக்கே என்மேல் அருவருப்பாக வந்தது.

"நான்தாங்க மூடினேன்" என்றேன். "சந்துல சிமெண்டு வச்சு, தார் ஊத்தி, நாலு நாளு. அந்தம்மா ஊர்ல இல்ல. அவங்களுக்குத் தெரியாது."

"எதுக்கு?"

"ஒரு சொட்டு எறங்கக்கூடாதுன்னு."

ரங்கன் நிமிர்ந்தார். "அப்ப அந்த ஏழு வூடு?"

கூட்டம் முழுக்க என்னையே பார்த்தது. டீக்கடையில் நான் பேசிய பேச்செல்லாம் மலைமேல் வந்து சேர்ந்திருக்கும், நிச்சயம்.

"அதுவும் அதேதாங்க. காத்து போவ வழியில்லாம கட்டினவன் நான்தான். உங்க விதைமேல தப்பு இல்ல."

ரங்கன் முறத்தைக் கையில் எடுத்தார். எல்லோருக்கும் காட்டுவது போல ஒரு சுற்றுத் திருப்பினார். "அந்த ஏழுல நாலு மொளைகூட வரல. இது மூடிப்போட்டும் பாதி வந்திருக்குது. வூடு நல்ல வூடுதான். குடிபோம்மா."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துடைத்துவிட்டு அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"மொளைக்காத பாதிக்கு இன்னா பண்றது மாமா?"

அவர் முறத்தைக் கீழே வைத்தார். வேறு வீட்டு விதை உள்ளே வரக்கூடாது. வீட்டை ஏற்றுக்கொண்டால் அதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். "இருக்கிறத வெத" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை குடிபோனார்கள். கோபால்சாமி வந்து எழுதிக்கொண்டு போனார். அதற்கு மறுவாரமே ஏழு வீட்டுக்காரர்களும் ஒன்றாகச் சேர்ந்து என்னிடம் வந்தார்கள். உளியும் சம்மட்டியும் எடுத்துக்கொண்டு ஏறினேன். நானே கட்டி, நானே தண்ணீர் ஊற்றி ஆறவைத்த தளம். கெட்டியாக இருந்தது. சின்னக்குழந்தை வீடு வீடாக வந்து, உள்ளே அண்ணாந்து நின்று, எந்த இடத்தில் உடைக்க வேண்டும் என்று சொன்னாள். மூன்றாவது வீட்டில் வியர்வையைத் துடைத்துக்கொள்ளும்போது கேட்டேவிட்டேன்.

"எம்மேல கோவமா?"

"இருக்குது" என்றாள். "வேலையப் பாரு."

அந்த வருஷம் ஆடியில் மழை தப்பாமல் பெய்தது. ஏழு வீட்டுக்காரர்களும் பழைய வீட்டு விதையால் முழுக் காட்டையும் விதைத்தார்கள். சின்னக்குழந்தை நாலு கூடையையும் நெருக்கித் தூவிப் பாதிக் காட்டில் விதைத்தாள்.